பண்ணையிலிருந்து வீட்டுக்கு ஒரு முயல்குட்டி



முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடினால் போதும், முயல் பண்ணைக்காரர்களின் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். கறிக்குக் கேட்கிறவர்கள் ஒரு பக்கம். "பொண்ணு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கா, ஒரு ஜோடி என்ன விலைங்க?" என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். இன்றைய பேச்சு இந்த இரண்டாவது தரப்புக்கு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் பண்ணைகளில் பெரும்பாலானவை இறைச்சிக்காக நடப்பவை. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்துக்குத் தென்மண்டல மையம் ஒன்று உண்டு. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். பண்ணை வைக்க நினைப்பவர்கள் அங்கிருந்து இனவிருத்திக்கு முயல் வாங்கிப் போவது வழக்கம். இவை நான்கு கிலோ வரை வளரக்கூடிய பெரிய முயல்கள். உள்ளங்கையில் அடங்கும் குட்டியைக் காட்டி, "இது குட்டை ரகம், இவ்வளவுதான் வளரும்" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். "தாய் முயல் எங்கே?" என்று கேளுங்கள். குட்டி எவ்வளவு பெரிதாகும் என்பது தாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தாயைக் காட்டத் தயங்குகிற இடத்தில் வாங்காமல் திரும்பி வருவதே மேல்.

அடுத்தது வயது. எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். நான்கு வாரக் குட்டி பார்க்கப் பஞ்சுப்பொதி மாதிரி இருக்கும், சட்டென்று விலை போய்விடும். ஆனால் அதன் வயிறு பாலிலிருந்து புல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிற நேரம் அது. புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அப்போதுதான் குடலில் குடியேறுகின்றன. அந்த நேரத்தில் தாயைப் பிரித்து, இடத்தை மாற்றி, தீவனத்தையும் மாற்றினால் கழிச்சல் கண்டு இரண்டொரு நாளில் செத்துப்போகிற குட்டிகள் ஏராளம். வாங்கியவர் தன் ராசியை நொந்துகொள்வார். உண்மையில் அது வயதுக் கோளாறு.

குட்டியைக் கையில் வாங்கியதும் முன்னங்கால்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். மூக்கு ஒழுகினால் முயல் முன்னங்காலால்தான் துடைத்துக்கொள்ளும். அங்கே முடி ஈரமாகவோ பிசுபிசுத்து ஒட்டியோ இருந்தால், மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் அந்தக் குட்டிக்குச் சளி இருக்கிறது. காதுக்குள்ளும் மூக்கு நுனியிலும் பொருக்குத் தட்டியிருந்தால் சொறி. பின்புறம் நனைந்து கிடந்தால் கழிச்சல். உதட்டை மெல்ல விலக்கி முன்பற்களைப் பாருங்கள். மேல்பல் கீழ்ப்பல்லின் மீது சற்றே முன்னால் படிய வேண்டும். முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது. வரிசை கோணினால் தேயாமல் நீண்டு, வாயைக் குத்திச் சாப்பாட்டையே நிறுத்திவிடும்.

ஜோடி வாங்கலாமா என்று கேட்பீர்கள். முயல் கூட்டத்தில் வாழ்கிற பிராணி, துணை இருந்தால் நல்லதுதான். ஆனால் எட்டு வாரத்தில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் அனுபவசாலியே தடுமாறுவார். ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டால், நான்கைந்து மாதத்தில் பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள், ஈன்ற அன்றே மறுபடி சினையாகவும் முடியும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பண்ணையே உருவாகிவிடும். அதனால் ஜோடி வேண்டுமென்றால் கருத்தடை அறுவை செய்யத் தெரிந்த மருத்துவரை முதலில் தேடுங்கள். பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம் என்பதால், தனியாக வளர்த்தாலும் அந்த அறுவை நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவருவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முயலுக்கு வியர்க்காது, நாயைப் போல இளைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் சரியாக வராது. அதற்கு இருக்கிற முக்கியமான வழி காதுதான். காதின் ரத்தக்குழாய் வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியேறுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். உச்சி வெயிலில் காரின் டிக்கியில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது கொலைக்குச் சமம். காற்றோட்டமான கூடை, அடியில் காய்ந்த புல், கொஞ்சம் பச்சைப்புல். அவ்வளவு போதும்.

பண்ணையில் என்ன தீவனம் போட்டார்களோ அதில் ஒரு வாரத்துக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் தீவனத்தை அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றிவிடலாம். எந்த வயதிலும் முக்கிய உணவு புல்தான். அருகம்புல், கோ-4 புல், நிழலில் உலர்த்திய புல், வளரும் குட்டிக்கு வேலிமசால். நாரைக் கடித்து அரைத்தால்தான் பல் தேயும், குடல் நகரும். கேரட் என்பது கார்ட்டூன் ஓவியர்கள் முயல் வாயில் திணித்தது. அதில் சர்க்கரை அதிகம், சின்னத் துண்டு எப்போதாவது கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, பிஸ்கட், சோறு எதுவும் வேண்டாம். விடியற்காலையில் முயல் தன் பின்புறத்துக்குக் குனிந்து எதையோ தின்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அது வழக்கமான உருண்டைப் புழுக்கை இல்லை, மென்மையான இன்னொரு வகை. குடலில் தயாரான வைட்டமினும் புரதமும் அதில் இருக்கின்றன. அதைத் தடுத்தால் முயல் நலிந்துபோகும்.

இனி பழகுகிற விஷயம். நாய்க்குட்டி வாங்கியவர்கள் செய்வதை அப்படியே இங்கும் செய்தால் காரியம் கெட்டது. நாயின் முன்னோர் வேட்டையாடியவர்கள், முயலின் முன்னோர் வேட்டையாடப்பட்டவர்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் மண்ணில் வளை தோண்டி, பருந்துக்கும் நரிக்கும் பயந்து வாழ்ந்த காட்டினத்திலிருந்து வந்தவைதான் இன்றைய வளர்ப்பு முயல்கள் அத்தனையும். மேலிருந்து ஒரு கை இறங்கினால் அதற்கு அது பருந்து. தரையிலிருந்து உடம்பு மேலே தூக்கப்பட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். நாம் கொஞ்சுவதற்காகத் தூக்குகிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? தாய் முயலே குட்டிகளைக் கட்டிக்கொண்டு கிடப்பதில்லை. நாளுக்கு ஓரிரு முறை வந்து சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு விலகிப்போய்விடும். தன் நடமாட்டம் எதிரிக்கு வளையைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே!

ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். வீட்டின் அமைதியான மூலையில் கூண்டு, அதற்குள் நுழைந்து ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, தண்ணீர், புல். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வரவழைத்துக் காட்டும் விழா இப்போது வேண்டாம். பிறகு சாயங்காலமாக, கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும்தான், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு இது தோதான நேரம். முயலையே உற்றுப் பார்க்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதட்டும், படம் வரையட்டும். கொஞ்ச நேரத்தில் முயல் வந்து கால்விரலை முகரும். அப்போதும் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி வேறு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சில நாள் கழித்துக் கொத்தமல்லித் தழையைக் கையில் வைத்து நீட்டலாம். மூக்குக்கு நேரே நீட்டாதீர்கள். முயலுக்குத் தலையைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும், மூக்குக்கு நேர் முன்னே மட்டும் தெரியாது. திடீரென்று எதுவோ இடித்தால் கடித்துவிடும். பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் நெற்றியில், இரு கண்ணுக்கும் நடுவே, மெல்ல வருடலாம். தலையைத் தரையோடு தாழ்த்திக் கொடுத்தால் இன்னும் வருடச் சொல்கிறது என்று பொருள். வயிற்றையும் பாதத்தையும் விட்டுவிடுங்கள்.

அது பேசுவதையும் கற்றுக்கொள்ளலாம். பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தால் ஆபத்து என்று எச்சரிக்கிறது. பொருள்களின் மீது தாடையைத் தேய்த்தால் இது என்னுடையது என்று தன் வாசனையைப் பூசுகிறது. உங்கள் முழங்காலிலும் ஒருநாள் தேய்க்கும். வருடும்போது பற்கள் மெதுவாக நறநறத்தால் சுகம், மூலையில் குறுகி உட்கார்ந்து சத்தமாகக் கடித்தால் வலி. அந்தரத்தில் துள்ளி உடம்பை முறுக்கிக் காட்டினால் சந்தோஷம் தாங்கவில்லை என்று அர்த்தம். சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து கிடந்தால் பதறாதீர்கள், உங்கள் வீட்டில் பயமில்லை என்று முடிவு செய்துவிட்டது. அதே சமயம், முயலை மல்லாக்கப் படுக்கவைத்து, "பாருங்க, தூங்குது" என்று கைப்பேசியில் காட்டுகிறார்களே, அது தூக்கமே இல்லை. எதிரியின் பிடியில் சிக்கியதாக நினைத்து உடம்பு அசைவற்றுப்போன நிலை. அதைச் செய்யாதீர்கள், செய்கிற படங்களைப் பகிரவும் வேண்டாம்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, இன்னொரு கை பின்புறத்துக்குக் கீழே. காதைப் பிடித்துத் தூக்குவது பழைய சந்தைப் பழக்கம், இத்தோடு விட்டுவிட வேண்டும். பின்னங்கால் தாங்கலில்லாமல் தொங்கினால் முயல் உதைத்துக்கொள்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

எப்போதும் கூண்டுக்குள்ளேயே வைத்திருந்தால் முயல் நம்மோடு இப்படிப் பழகாது. 1985-ல் அமெரிக்காவில் மாரினெல் ஹாரிமன் என்ற பெண்மணி, முயலை வீட்டுக்குள் நடமாடவிட்டு வளர்க்கலாம் என்று ஒரு கைநூல் எழுதினார். கொல்லைப்புறக் கூண்டுதான் முயலின் இடம் என்ற எண்ணம் அங்கே அதன் பிறகு மெல்ல மாறியது. நம் வீடுகளிலும் முடியும். முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும், அங்கே செய்தித்தாளும் புல்லும் பரப்பிய தட்டு வைத்தால் பழகிக்கொள்ளும். மின்கம்பிகளை மட்டும் எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். குளிப்பாட்ட வேண்டியதில்லை, நனைந்தால் அதிர்ச்சியிலேயே போய்விடக் கூடும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை வாழும் பிராணி இது. முயல் கேட்ட பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் புல் போடப்போவது நீங்கள்தான். முடியாமல் போனால் வேறொரு நல்ல வீடு தேடிக் கொடுங்கள், பூங்காவிலோ தோப்பிலோ விட்டுவிடாதீர்கள். தெருநாய்க்கு அன்றைக்கே இரையாகிவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முயல் வலியை வெளிக்காட்டாது. அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டது என்று பொருள், மறுநாள் வரை பொறுத்துப் பார்க்க நேரமில்லை. மருந்துக்கடையில் கேட்டு நாமே எதையும் கொடுக்கக் கூடாது. நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலின் மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் அதன் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகலாம். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. எனவே உங்கள் ஊரில் முயலுக்கு வைத்தியம் பார்ப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை இரவில் அவர் கிடைப்பாரா என்பதைப் பண்ணைக்குக் கிளம்பும் முன்பே விசாரித்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.