பூங்காவுக்கு யார் பெயர்?



நுவரெலியா விக்டோரியா பூங்காவை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஒரு மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருசம் நிறைந்ததற்காக 1897இல் வைத்த பெயர் அது. அந்த அம்மா நம்ம மலையை ஒரு நாளும் கண்டதில்லை.

வவுனியா நகரிலோ பண்டாரவன்னியனுக்குச் சிலை நிற்கிறது. 1803இல் வெள்ளைக்காரனோடு போரிட்ட வன்னி மண்ணின் ஆள் அவர். நல்ல காரியம்.

1977 கலவரத்தில் லயத்தை விட்டு வந்த நம்ம சனங்களும் அதே வன்னியில்தான் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது வவுனியாவில் இயங்கிய காந்தீயம். அதை டேவிட் ஐயாவோடு சேர்ந்து நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

இப்படிப்பட்டவர்களின் பெயரையும், முதலில் காடு வெட்டிய பெரியவர்களின் பெயரையும் ஊர்ப் பூங்காக்களுக்கு வைக்க வேண்டும் என்கிறோம். விளையாட வரும் பிள்ளை பலகையைப் பார்த்து, “இவரு யாரு தாத்தா?” என்று கேட்கும். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே பிரதேச சபைக்கு எழுதிக் கேட்க வேண்டும். வன்னியில் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.