மழையை எங்கே அளக்கிறார்கள்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ் பற்றிப் பேசுகிற மேடையில் இன்று மேகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தோழருக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று யாரும் சிரிக்க வேண்டாம். வெள்ளம் வந்தால் முதலில் அணைவது யார் வீட்டு அடுப்பு?

2005 ஜூலை 26ஆம் தேதி மும்பையில் நடந்ததைக் கேளுங்கள். சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்முனையில் கொலாபா நிலையத்தில் பதிவானதோ 73 மில்லிமீட்டர்தான்! இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் தூரம்கூடக் கிடையாது. கொலாபாக் கணக்கை மட்டும் பார்த்தவன், இன்று சாதாரண மழைதான் என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். அந்த நேரத்தில் சாக்கிநாக்காவில் குன்று சரிந்து குடிசைகளைப் புதைத்தது. நகரில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திரண்டு வரும் மழைமேகத்தை உடனுக்குடன் காட்டும் டாப்ளர் ராடார் அன்று மும்பையில் இல்லை.

நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. அதை 50 ஆக்க வேண்டும் என்று 1993லேயே திட்ட அறிக்கை வந்தது. பெரும்பகுதி காகிதத்திலேயே கிடந்தது. மூடிய பஞ்சாலைகளின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்ற விதியையும் 2001ல் திருத்தி, முதலாளிகள் கட்டடம் எழுப்ப வழி செய்தார்கள். தண்ணீர் எங்கே போகும், சொல்லுங்கள்!

அன்றைய மழையை நகரமே வரவழைத்தது என்று நான் சொல்லவில்லை. கடலிலிருந்து வந்த பருவக்காற்றே அதற்கு மூலம். ஆனால் நகரமும் மழையில் கை வைக்கிறது என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. ஆலைக்குள் சூடான காற்று கூரையை நோக்கி ஏறுவதை மில் தோழர்கள் அறிவார்கள். பகலெல்லாம் காய்ந்த களம் இரவிலும் காலைச் சுடுவதைக் கிராமத்துத் தோழர்கள் அறிவார்கள். தாரும் சிமெண்டும் போர்த்திய நகரம் இந்த இரண்டும் சேர்ந்தது. அதன் சூட்டில் காற்று மேலெழுகிறது. உயர்ந்த கட்டடங்கள் காற்றைத் தடுத்துத் திருப்புகின்றன. மேகத்தில் நீர்த்துளி உருவாக ஒரு தூசு வேண்டும். புகை அந்தத் தூசைக் கொடுக்கிறது. தூசு மிஞ்சினால் துளிகள் மிகவும் சிறுத்து மழை தாமதிப்பதும் உண்டு.

இதைக் கண்டது தனி ஒரு மேதையல்ல. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1971 முதல் 1975 வரை, பல நிறுவனங்களின் விஞ்ஞானிகள் கோடைதோறும் கூடி உழைத்தார்கள். ராடார், விமானம், நகரைச் சுற்றிலும் நெருக்கமாக வைத்த மழைமானிகள்! காற்று போகும் திசையில், நகருக்குக் கிழக்கே, கோடை மழை 5 முதல் 25 சதவிகிதம் வரை கூடுகிறது என்று கண்டார்கள். ஒரு தறியை வைத்து ஆலையின் உற்பத்தியைச் சொல்ல முடியுமா? அப்படித்தான் ஒரு மழைமானியும்.

இன்னொரு விஷயம். கியூபா பிரச்னையில் உலகம் அணு யுத்தத்தின் வாசலில் நின்ற அதே 1962ல், அமெரிக்காவின் ஹாரி வெக்ஸ்லரும் சோவியத் நாட்டின் விக்டர் புகாயெவும் ஒன்றாக உட்கார்ந்து, உலகம் முழுவதற்கும் பொதுவான வானிலைக் கண்காணிப்புக்குத் திட்டம் தீட்டினார்கள். 1963ல் உலக வானிலை அமைப்பு அதை ஏற்றது. வாஷிங்டன், மாஸ்கோ, மெல்போர்ன் மூன்றிலும் உலக மையங்கள் அமைந்தன. ஏவுகணைகளை எதிரெதிரே நிறுத்திய இரு நாடுகள் மழைக்கணக்கைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. நம் ஊர் ஆபீசுகள் தங்கள் கணக்கை நமக்குச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் மும்பை மாநகராட்சி தீயணைப்பு நிலையங்களின் கூரைகளில் தானியங்கி மழைமானிகளை வைத்தது. 2020ல் வெள்ள முன்னெச்சரிக்கை ஏற்பாடும் வந்தது. அத்தனை பேர் செத்த பிறகு!

பூமி சூடாகச் சூடாக இந்த ஆபத்து வளரும். ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 சதவிகிதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். கொட்டும்போது அவ்வளவும் கொட்டும். தாலுகா ஆபீசில் அளந்த மழையை வைத்து நம் சேரியில் எவ்வளவு பெய்தது என்று முடிவு கட்டுவதை ஒப்புக்கொள்ள முடியாது. வேலையில்லாமல் போன நாட்கூலியும் இடிந்த சுவரும் அந்தக் கணக்கில் வராது.

ஆகவே நமது மனுவில் மூன்று கோரிக்கைகள் எழுதியிருக்கிறோம். தொழிலாளர் குடியிருப்பிலும் பஞ்சாயத்துப் பள்ளியிலும் மழைமானி வைக்க வேண்டும். அன்றன்றைய கணக்கைப் பலகையில் எழுதிப்போட வேண்டும். ஏரி மதகு திறக்குமுன், கீழே குடியிருப்பவர்களுக்குத் தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டும். தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். மற்றவர்கள் கொஞ்சம் வழிவிடுங்கள்.