பாதிச் சூடு பகையாகும்: குளிர்காலத்தில் குட்டி ஆமை



ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி உண்டு. ஆமைக்கு வாய் இருந்தால் கேள்வியைத் திருப்பிப் போடும். மனிதர் வீட்டுக்குள் புகுந்த ஆமை உருப்படுமா? அக்டோபர் பிறந்து பகல் சுருங்கத் தொடங்கும் பிரிட்டனில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி ஆமைக்கு இது உயிர்க் கேள்வி.

பிரிட்டனில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் நில ஆமைகளில் ஹெர்மன் ஆமை முக்கியமானது. ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலி, பால்கன் நாடுகள் ஆகியவையே அதன் தாயகம். வெயிலில் முதுகு காய்ந்து பழகிய பிராணி அது. அதைக் கொண்டுபோய் டிசம்பர் மாத லண்டனில் வைத்தால் என்ன ஆகும்? அங்கே அப்போது பகல் பொழுதே ஏறக்குறைய 8 மணி நேரம்தான். அந்த வெயிலிலும் சூடு இல்லை.

ஒரு காலத்தில் மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து ஆமைகள் கப்பல் கப்பலாகப் பிரிட்டனுக்கு வந்து இறங்கின. அவற்றில் பெரும்பகுதி நெடுநாள் பிழைக்கவில்லை. காட்டில் பிடித்த இந்த ஆமைகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்வதற்கு 1984இல் தடை வந்தது. இன்று அங்கே விற்கப்படும் குட்டிகள் வளர்ப்பாளர்களிடம் பொரித்தவை. ஹெர்மன் ஆமையை விற்பதற்கு அரசாங்கச் சான்றிதழும் வேண்டும். சட்டம் கப்பலை நிறுத்திவிட்டது. குளிரை நிறுத்த முடியுமா? அது வளர்ப்பவர் கையில் இருக்கிறது.

தூக்கமா, விழிப்பா?

மனிதனுக்கு உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. ஆமைக்கு அந்த வசதி இல்லை. வெளியிலிருந்து வரும் சூட்டை வாங்கித்தான் அது நடக்க வேண்டும், தின்ன வேண்டும், தின்றதைச் செரிக்க வேண்டும். சூடு குறைந்தால் எல்லா வேலையும் குறையும்.

இதற்கு இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் குளிர்கால உறக்கம். கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலப் பாதிரியார் செல்போர்ன் என்னும் சிற்றூரில் திமோதி என்ற ஆமையை வளர்த்தார். 1780ஆம் ஆண்டு மார்ச் மாதம், உறங்கிக்கொண்டிருந்த அதனை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, 80 மைல் தூரம் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். வண்டி குலுங்கிய குலுங்கலில் ஆமை விழித்துக்கொண்டது. தோட்டத்தில் விட்டதும் சற்று நடந்து பார்த்தது. மாலையில் குளிர் தட்டியதும் மீண்டும் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நடப்பதா, உறங்குவதா என்று ஆமைக்குச் சொல்வது நாட்காட்டி அல்ல, சூடுதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? திமோதி ஆண் அல்ல, பெண் என்பது அது இறந்த பிறகுதான் தெரிய வந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உறக்கம் என்றால் ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் குளிர் நிலையாக இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண் உறைந்து பார்வை போகும், உயிரும் போகலாம். 10 டிகிரியைத் தாண்டினால் உறக்கம் கலைந்து, சேர்த்து வைத்த சக்தி வீணாகும். அதனால்தான் அங்கே பலர் இதற்கென்றே தனிக் குளிர்பதனப் பெட்டி வைத்திருக்கிறார்கள். உறங்கப்போகும் முன்பு சில வாரங்கள் உணவை நிறுத்தி, குளிப்பாட்டுவதை மட்டும் தொடர்ந்து, குடலைக் காலியாக்க வேண்டும். குடலில் தங்கிய உணவு குளிரில் செரிக்காது, அழுகிவிடும்.

காட்டில் குட்டி ஆமைகளும் உறங்கத்தான் செய்கின்றன. ஆகவே ஆரோக்கியமான குட்டியைச் சில வாரங்கள் உறங்க வைக்கும் அனுபவசாலிகளும் உண்டு. ஆனால் நோயுற்ற குட்டியையோ எடை குறைந்த குட்டியையோ உறங்க வைக்கவே கூடாது. புதிதாக வளர்ப்பவருக்கு முதல் குளிர்காலத்தில் பாதுகாப்பான வழி, குட்டியை விழிப்பாக வைத்திருப்பதே.

நடுவில் நிற்பதே ஆபத்து

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீட்டுக்குள் வைத்துவிட்டோம், குளிர் படாது, இது போதும் என்று நினைக்கிறார்கள். மனிதருக்கு இதமாக இருக்கும் 17, 18 டிகிரி அறை, ஆமைக்கு இரண்டும் கெட்டான் நிலை. உறங்குவதற்கு அது அதிகச் சூடு, செரிப்பதற்குப் போதாத சூடு. குட்டி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும். பாவம், தூங்குகிறது என்று வீட்டார் சத்தம் போடாமல் நடப்பார்கள். உண்மையில் அது உண்ணாமல், உறங்காமல், உடலில் உள்ளதைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. வசந்தம் வரும்போது அது இருப்பதில்லை.

விழிப்பாக வைப்பது என்று முடிவு செய்தால் முழுமையாக விழிப்பாக வைக்க வேண்டும். குட்டியின் இருப்பிடத்தில் ஒரு பக்கம் மேலிருந்து சூடு தரும் விளக்கு. அதன் நேர்க்கீழே 30 முதல் 32 டிகிரி. மறுபக்கம் 20 முதல் 22 டிகிரி. சூடு வேண்டுமென்றால் இங்கே, போதுமென்றால் அங்கே என்று ஆமையே தேர்ந்துகொள்ளும். இரவில் சூடு தணியலாம், ஆனால் 15 டிகிரிக்குக் கீழே விடக் கூடாது. கைக்கு இதமாக இருக்கிறதே என்று நம்பாமல், இரண்டு பக்கமும் வெப்பமானி வைத்துப் பார்ப்பதே சரி. அடியிலிருந்து சூடு தரும் விரிப்பு ஆகாது. சூடு தாங்காமல் மண்ணைப் பறிக்கும் குட்டி, இன்னும் அதிகச் சூட்டுக்குள்தான் போய்ச் சேரும்.

சூட்டுக்கு அடுத்தது ஒளி. புற ஊதா பி கதிர் பட்டால்தான் ஆமையின் தோலில் டி வைட்டமின் உருவாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். சன்னல் ஓரம் வைத்தால் போதாதா? போதாது. சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதற்கான தனி விளக்கு, நாள்தோறும் சுமார் 12 மணி நேரம் எரிய வேண்டும். வெளிச்சம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் கதிர் நாளடைவில் குறைந்துவிடும். ஆகவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில் விளக்கை மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது ஈரம். வெயில் நாட்டுப் பிராணிக்கு ஈரம் எதற்கு என்று தோன்றலாம். ஓடு கூம்புக் கூம்பாகப் புடைப்பதற்கு அதிகப் புரதமே காரணம் என்று முன்பு பலர் நம்பினார்கள். ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குட்டிகளைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணம் என்று அது காட்டியது. விளக்கும் வீட்டு ஹீட்டரும் காற்றை உலர்த்திவிடும். மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து ஆழமாகப் பரப்பி, அடிப்பகுதியை ஈரமாக வைத்தால் குட்டி அதில் புதைந்து இளைப்பாறும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, தாடை அளவு வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், குடிக்கும், கழிக்கும், சுறுசுறுப்பாகும்.

உணவில் டேண்டிலியன், வாழையிலைப் பூண்டு, சிக்கரி போன்ற இலைகளே முதன்மை. பழமும் நாய், பூனை உணவும் வேண்டாம். கணவாய் ஓடு ஒன்றைப் போட்டு வைத்தால் அவ்வப்போது கடித்துக்கொள்ளும். இலைகளை ஒரே தட்டில் குவிக்காமல், கற்களுக்கு இடையில் ஆங்காங்கே போட்டால் குட்டி தேடி நடக்கும். நடக்கிற ஆமைக்குப் பசிக்கும்.

வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வைப்பது மிக எளிய காவல். எடை தொடர்ந்து இறங்கினால், மூக்கு ஒழுகினால், கண் வீங்கினால், விளக்கு எரிந்தும் உண்ண மறுத்தால், காத்திருக்கக் கூடாது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

எந்த ஊர் ஆமை?

எல்லா ஆமையும் குளிர்காலத்தில் உறங்கும் என்பதும் தவறு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான நட்சத்திர ஆமை, ஹெர்மன் ஆமை போல் உறங்கும் இனம் அல்ல. அதனைக் குளிரில் படுக்க வைப்பது கொலைக்குச் சமம். அதன் ஓட்டு அழகுக்காகத் தமிழகம் வழியாகவும் பெட்டிகளில் அடைத்துக் கடத்துகிறார்கள். 2019இல் அனைத்துலக வணிகத் தடைப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரில் அதனைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பதும் குற்றம். ஆகவே வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது எந்த ஊர் ஆமை? இதற்குச் சட்டப்படி தாள் இருக்கிறதா?

நன்கு பராமரித்தால் ஹெர்மன் ஆமை ஐம்பது ஆண்டுகளையும் தாண்டி வாழும். பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த குட்டியைப் பேரப்பிள்ளையும் பார்க்கலாம். அத்தனை ஆண்டும் அந்த முதல் சில குளிர்காலங்களைக் கடப்பதில் அடங்கியிருக்கிறது. குட்டி ஆமையைக் கொல்வது குளிர் மட்டும் அல்ல. இந்தச் சூடு போதும் என்று நினைக்கும் அறியாமையும்தான்.