கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960-இல். இன்றும் இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் படிக்கும் அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் எல்லாம் சென்னையில் முடிவாகும். அது சரிதான், எல்லைக் கிராமத்துக்கும் அதே தரம் கிடைக்க வேண்டுமே. ஆனால் பள்ளிக் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராதது சென்னைக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது அவர்கள் வேலை.

2022-இல் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியரை எடுக்கும் பொறுப்பும் குழுவுக்கு வந்தது. வேண்டியவர்களுக்கு வேலை போய்விடும் என்று எதிர்ப்பு கிளம்பி, நீதிமன்றம் வரை போனது. அந்த அச்சம் நியாயமானதே. ஆசிரியர் தகுதியை அரசு வகுக்கட்டும். பள்ளிக்கு முதலில் வேண்டியது எது என்பதைப் பெற்றோர் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் கூடாது. எழுதி முடித்த தீர்மானத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடும்மா" என்பது. கூலி வேலைக்குப் போகும் தாய் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்குத் தீர்மானத்தைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்கட்டும்.