காணியோடு கட்டப்பட்ட மனிதர்கள்

(கீரிமலைக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களிடையே எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கேணியில் முழுகி, நகுலேஸ்வரரைக் கும்பிட்டாச்சு. பஸ் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் இந்த மண்ணின் பழைய கதை ஒன்றைச் சொல்லுகிறோம்.

நம்ம பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் ‘நிலமானிய முறை’ என்று மனப்பாடம் பண்ணுகிறார்கள். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முன்னே இங்கிலாந்து, பிரான்ஸ் தேசங்களில் ஊர் நிலம் பெரும்பாலும் ஒரு பிரபுவின் கையில் இருந்தது. குடியானவனுக்குக் கொஞ்ச நிலம் கொடுப்பார். பதிலுக்கு அவன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். மாவு அரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும், அதற்கும் கூலி கட்ட வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கவும் பணம் கட்டி உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவில்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. 1348இல் இங்கிலாந்தில் கொள்ளை நோய் வந்து ஜனங்கள் செத்து மடிந்தார்கள். வேலைக்கு ஆள் குறைந்தது, மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். மறுவருடமே, பழைய கூலிக்கு மேல் கேட்கவோ கொடுக்கவோ கூடாது என்று அரசன் கட்டளை போட்டான். (சம்பள உயர்வு என்றால் அன்றைக்கும் இதே பாடுதான்!) 1381இல் குடியானவர்கள் கலகம் செய்தார்கள்.

இது வெள்ளைக்காரர் தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த யாழ்ப்பாணத்திலும் குடிமை, அடிமை என்று இரண்டு கட்டு இருந்தது. சலவை செய்கிறவர், முடி வெட்டுகிறவர் போன்ற குடிமைக்காரர் வீட்டுக்கு வீடு ஊழியம் செய்து, அறுவடையில் பங்கு வாங்கினார்கள். அடிமையாக வைத்திருந்தவர்களையோ காணி பூமி போலச் சொத்தாகவே எண்ணினார்கள். சீதனமாகவும் கொடுத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது, பசித்த ஜனங்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இங்கே விற்றார்கள்.

ஒல்லாந்தர் 1707இல் ஊர் வழக்கத்தையெல்லாம் திரட்டித் ‘தேசவழமை’ என்று சட்டமாக்கினார்கள். தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி. சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலிமார். அடிமைகளுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. அவர்களைப் பற்றி எழுதினார்களே தவிர, அவர்களைக் கேட்டு எழுதினதாகத் தெரியவில்லை. வாய்வழக்கமாக இருந்தால் காலம் போகப் போகத் தளர்ந்திருக்கும். கடதாசியில் ஏறியதும் கச்சேரியிலும் கோர்ட்டிலும் அதுவே சாட்சி ஆயிற்று.

ஆங்கிலேயர் 1844இல் இலங்கையில் அடிமைத்தனத்தை ஒழித்தார்கள். சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. இதோ பக்கத்தில் இருக்கிற மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டு 1968இல் சத்தியாக்கிரகம் நடந்தது. நடுவில் 124 வருடம்!

இங்கே அடிமைச் சட்டம் ஒழிந்த அதே காலத்தில்தான் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. நம்ம பாட்டன் பூட்டன் கங்காணியிடம் வழிச்செலவுக் கடனோடு மலையேறினார்கள். அவர்களை யாரும் அடிமை என்று எழுதவில்லை. ஆனால் ‘துண்டு’ என்று ஒரு கடதாசி இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடன் கணக்கு அதில் இருக்கும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும், கடனும் அவர்களோடு கூடவே போகும். 1921இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கொழும்புக்குப் போகலாம், வேறு வேலை பார்க்கலாம், தடையில்லை. ஆனால் லயத்துக் காம்பரா யார் பேரில் இருக்கிறது? மூன்று நாலு தலைமுறை இருந்த வீட்டில், தோட்டத்தில் பேர் போடுகிறவர் இல்லாமல் போனால் என்ன ஆகுமோ என்று பயப்படுகிற குடும்பங்கள் நம்மிடம் வருகின்றன. அந்தப் பிரபுவின் குடியானவனுக்கும் இதே பயம்தான் இருந்தது, வேலையும் வீடும் ஒரே கயிற்றில். சில குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். அவர்களிலும் உறுதி கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே தோட்டம் திரும்பியதும், உறுதி கிடைக்காதவர்கள் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, வீடு கொடுத்த கடிதம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி எடுத்துக்கொண்டு நம்ம ஆபீசுக்கு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம். பேரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் அதை முதலில் திருத்த வேண்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.