ஊரின் ஓரமும் பள்ளியின் வாசலும்



இளையோர் நெறி தவறுகின்றனர் என்று குறைகூறும் குரல் எக்காலத்தும் ஒலிப்பதே. அவர்கள் எந்தத் தெருவில் வளர்ந்தனர், எந்தப் பள்ளி அவர்களை வரவேற்றது என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவிற்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இருளர் குடியிருப்புகள் விடை பகர்கின்றன.

ஏரிக்கரையிலும் புறம்போக்கு நிலத்திலும் குடிசையிட்டு வாழ்ந்த மக்கள் இருளர். பாம்பு பிடிக்கும் கலை அவர்தம் முதுசொம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர் பாம்புத்தோல் வணிகம் முடிவுற்றது. செங்கல் சூளையும் அரிசி ஆலையும் மரம் வெட்டும் வேலையும் பலருக்குப் பிழைப்பாயின. முன்பணம் பெற்ற குடும்பம் கடன் தீரும்வரை வேலையிடத்தை விட்டு அகல இயலாது. கொத்தடிமை முறை 1976இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, வழக்கத்தால் நீடித்தது. மழை ஓய்ந்தபின் சூளைக்குச் செல்லும் குடும்பம் அடுத்த மழைக்கே ஊர் திரும்பும். இடையில் முழு ஆண்டுத் தேர்வு வந்து போயிருக்கும். பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை வகுப்பில் இராது.

ஊரில் களவு நேர்ந்தால் ஐயம் முதலில் விழுவது இருளர் குடிசையின் மேல். நள்ளிரவில் தந்தை இழுத்துச் செல்லப்படுவதைக் கண்ட சிறுவன், மறுநாள் வகுப்பில் வாய் திறவாதிருந்தால் அதனை மந்தபுத்தி என்பதா? அவன் மௌனம் அச்சத்தின் மொழி. அம்மொழி அறியாத ஆசிரியர், அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்புகிறார். கடைசி வரிசை அவனைச் சூளைக்கு அனுப்புகிறது.

சூழல் கெடுக்க வல்லது எனின், திருத்தவும் வல்லதே. திண்டிவனம் அரசு கல்லூரியில் இயற்பியல் பயிற்றிய பேராசிரியர் பிரபா கல்விமணி, 1990களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை உருவாக்கப் பாடுபட்டார். திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் நிறுவினார். பொய் வழக்கை எதிர்த்தலும் சாதிச் சான்று பெற்றுத்தருதலும் பாடம் புகட்டலும் அங்கே ஒரே பணியின் மூன்று முகங்கள். பழங்குடிச் சான்று இன்றேல் உதவித்தொகையில்லை, இடஒதுக்கீடில்லை. கற்றும் பயனில்லை என்னும் சோர்வே இளைஞனை ஆட்கொள்ளும்.

அரசும் இவ்வுண்மையை ஒருவாறு உணர்ந்தது. 1982இல் சத்துணவும் 2022இல் காலை உணவும் வந்தமைக்குக் காரணம், பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதே. ஆயினும் சோற்றோடு மதிப்பும் பரிமாறப்படல் வேண்டும். பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர், அருகமர இடந்தரும் ஒரு தோழன், தண்ணீர் எடுக்கத் தடுக்காத ஒரு தெரு: இம்மூன்றும் எந்தத் திட்டத்திலும் அடங்கா.

விழுப்புரத்துப் பேராசிரியராய் விளங்கிய கவிஞர் த. பழமலய், ‘சனங்களின் கதை’ வழியே 1988இல் தம் மண்ணின் மாந்தரைக் கவிதைக்குள் அழைத்து வந்தார். அவ்வாசல் இன்னும் அகலமாகட்டும். இருளர் பிள்ளையைப் பாடுதல் நன்று. அப்பிள்ளை தானே பாட, தாளும் எழுதுகோலும் அச்சமற்ற ஓர் இருக்கையும் அளித்தல் அதனினும் நன்று. பத்தாண்டு நிறைந்த மன்றத்திற்கு அதுவே அடுத்த பத்தாண்டின் பணியாகுக.