பழைய காருக்குக் கையேடு: யாரைக் கேட்பது?

காத்தோங் காப்பிக்கடை வாசலில் ஒரு மோரிஸ் மைனர் வந்து நின்றால் நாலு பேர் கூடிவிடுவார்கள். வண்டி இருக்கிறது, பழுதுபார்க்கும் கையேடுதான் இல்லை. எங்களிடையே சுற்றுவது நகலின் நகல். பிரேக் பக்கத்தில் ஓர் எண் 3ஆ, 8ஆ என்றே தெரியாது.

“கம்பெனிதான் மூடியாச்சே, நாமே அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுப்போம். லாபமா பார்க்கிறோம்?” என்றார் நண்பர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கம்பெனி போனாலும் உரிமை போவதில்லை, கைமாறுகிறது. மோரிஸ் 1952இல் பி.எம்.சி.யில் சேர்ந்தது. அது 1968இல் பிரிட்டிஷ் லேலண்டில் கலந்தது. அதன் வாரிசான ரோவர் 1994இல் பிஎம்டபிள்யூ கைக்குப் போனது. ஜாகுவார் வைத்திருப்பவரோ, 2008 முதல் இந்தியாவின் டாட்டா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்!

சிங்கப்பூர்ச் சட்டப்படி, எழுதியவர் பெயரில்லாமல் 1960இல் வெளியான நூலுக்கு 70 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு, 2030 முடியும்வரை. இலவசமாகக் கொடுப்பதாலேயே அனுமதி கிடைத்துவிடாது.

முதலில், உரிமம் பெற்ற மறுபதிப்பு உண்டா என்று பாருங்கள். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் புக்ஸ் இத்தகைய கையேடுகளை வெளியிடுகிறது. கிடைக்காததற்கு மட்டும் கடிதம் எழுதுங்கள். நூலின் பெயர், வெளியீட்டு எண், ஆண்டு, எத்தனை படிகள், யாருக்கு, என்ன விலை, எல்லாம் அதில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நண்பர் மறுபதிப்பு வரவழைத்தார். அந்த எண் 8. இத்தனை நாளும் 3 என்று வைத்துத்தான் முடுக்கியிருந்தார்.